6ஜி சோதனைக்கு ஆயத்தமாதல்

யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில் கேற்றும் கிறில்லும் செய்து கைபழகியவர், வெளிநாட்டு வேலைக்கான 6ஜி எனும் குழாய் வெல்டிங் சோதனையில் தடுமாறுவது திறமைக் குறைவினால் அன்று. வேலைப்பொருளைத் தமக்கு வசதியாகத் திருப்பி வைத்தே பழகியவர், அசையாத குழாயைச் சுற்றித் தம் உடம்பைத் திருப்ப வேண்டியிருப்பதே காரணம்.

சோதனைக் குழாய் வைக்கப்படும் நிலைகளை 1ஜி, 2ஜி என்றவாறு குறிப்பர். 1ஜி நிலையில் கிடையான குழாய் உருட்டப்படும். 2ஜியில் குழாய் நிமிர்ந்து நிற்கும். 5ஜியில் அது கிடையாகப் பூட்டப்பட்டிருக்கும். 6ஜியில் 45 பாகை சரிவில் பூட்டப்பட்டிருக்கும். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிக்கோவையின் ஒன்பதாம் பிரிவின்படி, 6ஜியில் தேறியவர் எல்லா நிலைகளிலும் வெல்டிங் செய்யலாம். 2ஜியிலும் 5ஜியிலும் தேறியவருக்கும் அதே தகுதி உண்டு. ஆயினும் விட்டத்துக்கும் தடிப்புக்கும் தனி எல்லைகள் உள்ளன.

இரு குழாய்த் துண்டுகளின் விளிம்புச் சரிவு, அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளி, மின்னோட்டம் யாவும் கையில் தரப்படும் செயன்முறைத் தாளில் உள்ளபடியே அமைய வேண்டும். இடைவெளி பெரும்பாலும் 3 மி.மீ. அளவில் இருக்கும். துண்டுகளை முதலில் பிடித்து வைக்கும் தொடுப்புப் பொட்டுகளின் இரு முனைகளையும் கிரைண்டரால் மெலிதாகச் சரித்துவிடுங்கள். பலர் தோற்பது இங்கேதான், ஏனெனில் தடித்த முனையின்மேல் ஓடும் ரூட் (அடியில் இடும் முதல் வெல்டிங்) அடிவரை உருகிச் சேராது. கடிகாரத்தின் 6 மணி இருக்கும் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஏறும்போது, இரு விளிம்புகளும் உருகித் திறக்கும் சிறு துளை ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே செல்லுங்கள். துளை பெருத்தால் உலோகம் உள்ளே தொங்கும். மறைந்தால் ஊடுருவல் இல்லை. ரூட்டுக்கு டிக் முறை (ஆகன் வாயுவின் காப்பில் டங்ஸ்டன் மின்வாயால் செய்வது) கேட்கப்பட்டால், சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் பயிற்சி எடுக்க வேண்டாம். ஆகன் வாயு கலைந்து மூட்டில் நுண்துளைகள் விழும். ஈ7018 எனும் பூச்சு மின்வாய்க் குச்சிகளை ஏறத்தாழ 120 பாகை செல்சியசுச் சூட்டுப்பெட்டியில் வைத்தெடுங்கள். நமது ஈரக்காற்றில் திறந்து கிடந்த பெட்டியிலுள்ள குச்சிகள் சோதனைக்கு உதவா.

முதலில் மூட்டைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பர். பின்னர் எக்ஸ்ரே அல்லது வளைப்புச் சோதனை. 6ஜி மூட்டிலிருந்து வழக்கமாக நான்கு துண்டுகள் வெட்டி வளைக்கப்படும். வளைந்த மேற்பரப்பில் 3 மி.மீ.க்கு மேற்பட்ட வெடிப்பு இருக்கக்கூடாது.

தேறிய பின்னும், அதே முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாதிருந்தால் தகுதி காலாவதியாகும். ஆதலால், செய்த வேலையின் பதிவை மேற்பார்வையாளரிடம் கையொப்பத்துடன் அவ்வப்போது பெற்றுக்கொள்ளுங்கள்.