தீபாவளிக்குப் பிள்ளை வீட்டுக்கு வருகிறானா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

குடிநோயும் பைபோலாரும் (மனம் ஒரேயடியாகத் துள்ளுவதும் ஒரேயடியாகச் சோர்வதுமாக மாறி மாறி வரும் நோய்) சேர்ந்திருக்கிற பிள்ளைகளின் வீட்டார் கூட்டத்துக்கு, ஐப்பசி பிறந்தாலே புதிதாகச் சிலர் வருவார்கள். பண்டிகையை எப்படிச் சமாளிப்பது என்று கேட்பார்கள். வீட்டில் பாட்டில் வைக்காதீர்கள், சொந்தக்காரர் முன்னால் திட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

"நல்ல நாளும் அதுவுமாக மாத்திரை எதற்கு?"

இந்த ஒன்றைக் கேட்டால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வீட்டில் பையன் ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்திறங்கினான். அன்று இரவு ஒரு மணி வரை முறுக்குச் சுட்டார்கள். மாத்திரை போட்டால் நாலு மணிக்கு எண்ணெய்க் குளியலுக்கு எழுந்திருக்க மாட்டான், ஒரு நாள்தானே என்று அம்மாவே டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் அவன் ஒரே கலகலப்பு, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டாக நீட்டுகிறான், பட்டாசுக் கடை போடப்போகிறேன் என்கிறான், வீடே "பழைய பிள்ளையாகிவிட்டான்" என்று பூரித்துப்போனது. இரண்டு ராத்திரி அவன் கண்ணே மூடவில்லை, அப்புறம் டாஸ்மாக்கில் ஊருக்கே வாங்கிக் கொடுத்து, மூன்றாம் நாள் அவசர சிகிச்சைப் பிரிவு.

தூக்கம் கெட்டாலே மேனியா, அதாவது பைபோலாரின் அந்தத் துள்ளல் நிலை, கிளம்பிவிடலாம், குடி அதை இன்னும் ஏற்றிவிடும். தூங்காமலே ஒருவன் துள்ளிக்கொண்டிருந்தால் அதைப் பண்டிகைச் சந்தோஷம் என்று நினைக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். பகல் ரயிலில் வரச் சொல்லுங்கள். கிளினிக் மூடியிருக்கும், அதனால் மாத்திரையைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். எண்ணெய் தேய்த்து எட்டு மணிக்குக் குளித்தால் கங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காபியில் கலக்கும் குடி மறக்கும் பொடி

வேண்டவே வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து) இருந்து, அது தெரியாமல் அவன் குடித்தால், வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடம்பு வலிக்குக் கைக்குக் கிடைத்த மாத்திரை

பைபோலாருக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தண்ணீர் குடிக்காத விரதமும் கூடாது.

"கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்கிற சித்தப்பா

காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"கடை மூடியிருக்கு, இன்றைக்குக் கவலையில்லை"

இது பொங்கலுக்கு வருகிற பேச்சு. மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் தினம் என்பதால் டாஸ்மாக் மூடியிருக்கும். தினமும் குடிக்கிறவன் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, ஓரிரு நாளில் வலிப்புகூட வரலாம். அறையில் பூட்டி வைத்து வேடிக்கை பார்க்கிற விஷயமில்லை இது. வலிப்போ உளறலோ வந்தால், செத்துப்போகிறேன் என்று பேசினால், 108. டாக்டர் கிடைக்காத ராத்திரியில் மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். இரண்டு எண்ணையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.