முக்கோணம், வட்டம், ஒரு உடைஞ்ச ஊசி: சூப்பர்வைசர் ட்ரெய்னிங்குக்கு அனிமேஷன் கதை பண்றது எப்படி

எச்ஆர்ல இருக்கறவங்க, ட்ரெய்னிங் எடுக்கறவங்க நிறைய பேர் கேக்கறாங்க, லீடர்ஷிப் க்ளாஸ்ல அனிமேஷன் வீடியோ போடலாம்னு ஆசையா இருக்கு ஆனா எனக்கு வரையத் தெரியாதே, சாஃப்ட்வேர் வாங்க பட்ஜெட்டும் இல்லையேன்னு. வரையவே வேணாங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கற பவர்பாயிண்ட் போதும்.

1944ல அமெரிக்காவுல ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்ன அனிமேஷன் படம் பண்ணாங்க. பெரிய முக்கோணம் ஒண்ணு, சின்ன முக்கோணம் ஒண்ணு, ஒரு வட்டம், கதவு வச்ச ஒரு பெட்டி, அவ்ளோதான், கண்ணு மூக்கு எதுவும் கிடையாது. அதைப் பார்த்துட்டு என்ன நடந்துச்சுன்னு எழுதச் சொன்னப்ப 34 பேர்ல ஒரே ஒருத்தர் மட்டும்தான் வெறும் வடிவமா எழுதினார், மத்தவங்க எல்லாரும் உயிருள்ள ஆளுங்க கதை மாதிரி, இவன் மிரட்டுறான் அவ பயப்படுறான்னு எழுதியிருந்தாங்க. நம்மளும் இதையேதான் பண்ணப்போறோம்.

முகம் வேணாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆரம்பத்துல நான் பண்ண ஒரு வீடியோல கண்ணாடி போட்ட மீசைக்கார சூப்பர்வைசர் ஒருத்தரை வரைய வச்சிருந்தேன், ஹால்ல அதே மாதிரி கண்ணாடி மீசையோட ஒருத்தர் உக்காந்திருந்தார், எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தாங்க, அவர் அந்த நாள் முழுக்க வாயே திறக்கல. அன்னைக்கு அவருக்கு நான் பண்ணது அநியாயம். முக்கோணத்துக்கு ஊரு, சாதி, டிபார்ட்மென்ட் எதுவும் கிடையாது, யார் வேணா தன்னை அதுல பார்த்துக்கலாம்.

கதை

"நல்ல தலைவன் எப்படி இருக்கணும்"னு ஆரம்பிக்காதீங்க, அது பிரசங்கமாதான் முடியும். உங்க கம்பெனில புதுசா சூப்பர்வைசர் ஆனவங்க நெஜமா மாட்டிக்கற ஒரே ஒரு நிமிஷத்தை எடுங்க. நான் பனியன் கம்பெனி ஒண்ணை எடுத்துக்கறேன். தைக்கும்போது ஊசி உடைஞ்சா மெஷினை நிறுத்தி எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டர்ல ஒட்டணும், அப்புறம்தான் புது ஊசி, ஏன்னா ஒரு துண்டு துணிக்குள்ள போயிட்டா அது குழந்தை சட்டையாகூட இருக்கலாம். இப்போ கதை: ஷிப்மென்ட் நாள், டார்கெட் பின்னாடி கிடக்கு, நேத்துதான் சூப்பர்வைசர் தையல் லைனே கேக்கற மாதிரி ஒரு டெய்லரைத் திட்டியிருக்கார், இன்னைக்கு அந்த டெய்லர் மெஷின்ல ஊசி உடையுது, ஒரு துண்டைக் காணோம். சொல்றதா வேணாமா?

இதுல சூப்பர்வைசர் கெட்டவர் இல்ல, அவர் தலைமேலயும் பிரஷர் இருக்கு. அது தெரியணும், இல்லன்னா பார்க்கறவங்க "நான் அப்படி இல்லப்பா"ன்னு ஒதுங்கிடுவாங்க.

குரல் முதல்ல, படம் அப்புறம்

புதுசா பண்றவங்க பாதி பேர் படத்தை முடிச்சுட்டு அதுக்கு மேல பேச ஆரம்பிப்பாங்க, ரெண்டும் சேரவே சேராது. கதையைப் பேசற மாதிரி எழுதி, ஃபேனை நிறுத்திட்டு, போன்லயே ரெக்கார்ட் பண்ணுங்க. ஒண்ணரை நிமிஷத்தைத் தாண்டினா வெட்டுங்க. முடிஞ்சா லைன்ல போய் மெஷின் ஓடற சத்தத்தையும் பிடிச்சுட்டு வாங்க, குரலுக்கு அடில மெல்லிசா ஓடவிட்டு ஊசி உடையற இடத்துல டக்குன்னு நிறுத்துங்க, அந்த அமைதிக்கு முன்னாடி எந்த மியூசிக்கும் நிக்காது. பேசறதையே ஸ்கிரீன்லயும் எழுத்தா ஓட்டாதீங்க, கண்ணு படிக்கப் போயிடும், படத்தை விட்டுடும். மெஷின் சத்தத்துக்கு நடுவுல போட்டுக் காட்டறதா இருந்தாலோ காது சரியா கேக்காதவங்க இருந்தாலோ மட்டும் சப்டைட்டில் போடுங்க.

பவர்பாயிண்ட் வேலை

மார்ஃப்னு ஒரு ட்ரான்சிஷன் வேணும், 2019 வெர்ஷன்லயோ அதுக்கப்புறம் வந்ததுலயோ மைக்ரோசாஃப்ட் 365லயோ இருக்கும். முதல் ஸ்லைடுல இன்செர்ட், ஷேப்ஸ் போய் ஒரு முக்கோணம், வரிசையா அஞ்சு வட்டம். முக்கோணம்தான் சூப்பர்வைசர், வட்டங்கள் டெய்லருங்க. நம்ம டெய்லர் வட்டத்துக்கு மட்டும் வேற கலர். ஆல்ட் கூட எஃப்10 அடிச்சா செலக்‌ஷன் பேன் வரும், அதுல ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ரெண்டு ஆச்சரியக்குறி போட்டு தனித்தனி பேர் வைங்க, இல்லன்னா எந்த வட்டம் எங்க போகணும்னு குழம்பி ஒண்ணுக்கொண்ணு மாத்திவிட்டுடும்.

அப்புறம் இடது பக்கம் இருக்கற ஸ்லைடு படத்தை க்ளிக் பண்ணி, கன்ட்ரோல் டி அடிச்சு ஸ்லைடைக் காப்பி எடுத்து, புது ஸ்லைடுல உருவங்களைக் கொஞ்சம் நகர்த்தி, ட்ரான்சிஷன்ஸ்ல மார்ஃப் கொடுங்க. நடுவுல உள்ள அசைவை அதுவே போட்டுக்கும். இதையே திரும்பத் திரும்ப, ஒரு கதைக்கு பதினஞ்சு இருபது ஸ்லைடு வரும்.

நடிப்பு முழுக்க ட்யூரேஷன்லதான் இருக்கு, அதாவது அசைவு எத்தனை செகண்ட் எடுக்கணும்னு ட்ரான்சிஷன்ஸ்லயே போடற கட்டம். முக்கோணத்தோட கூர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அது பார்க்குதுன்னு நம்ம மனசு எடுத்துக்கும். திட்டற சீன்ல கூர் முனையை அரை செகண்டுல வட்டத்துப் பக்கம் திருப்புங்க, அடுத்த ஸ்லைடுல மத்த நாலு வட்டத்தையும் துளி தூரம் பின்னாடி தள்ளுங்க, ரொம்ப இல்ல, ஒரு நூல் அளவு. அவ்ளோதான், லைனே மூச்சைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். ஊசி உடைஞ்சப்புறம் நம்ம வட்டம் முக்கோணத்தைப் பார்த்து பாதி வழி போகட்டும், மூணு செகண்ட் எடுத்து மெதுவா, அப்புறம் அங்கயே நிக்கட்டும்.

ஆடியோவை முதல் ஸ்லைடுல இன்செர்ட் பண்ணி பிளேபேக்ல பிளே இன் பேக்கிரவுண்ட் கொடுங்க. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ட்ரான்சிஷன்ஸ்ல ஆஃப்டர்னு ஒரு கட்டம் இருக்கும், குரலைக் கேட்டுக்கிட்டே அதுல நேரத்தைப் போடுங்க, பொறுமை வேணும், ஒரு மதியம் முழுக்கப் போயிடும். கடைசியா ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ, ஃபுல் எச்டி.

எங்க நிறுத்தணும்

வட்டம் பாதி வழில நிக்குதுல்ல, அங்கதான். அதுக்கப்புறம் ஒரு ஃப்ரேம்கூட வேணாம். நான் முன்னாடி எல்லாம் கடைசில முடிவையும் காட்டி நீதியும் எழுதுவேன், கை தட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க, ஒருத்தரும் பேசமாட்டாங்க. பாதில நிறுத்த ஆரம்பிச்சப்புறம்தான் ஹால்ல பேச்சு வந்துச்சு. வீடியோ ஒண்ணரை நிமிஷம்னா பேச்சுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்க.

முதல் கேள்வி "நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு இருக்கக்கூடாது, எல்லாரும் நல்ல பதிலாதான் சொல்லுவாங்க. "வட்டம் இப்போ மனசுக்குள்ள என்ன நெனைக்குது"ன்னு கேளுங்க. மூணு மூணு பேரா பேச விடுங்க. மேனேஜர் ரூம்ல இருந்தா கடைசியா பேசச் சொல்லுங்க, இதை முன்னாடியே அவர்கிட்ட தனியா சொல்லிடுங்க.

அப்புறம் நேத்து திட்டினதையே எப்படிச் சொல்லியிருக்கலாம்னு பழக விடுங்க. சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்னு ஒரு அமைப்பு உருவாக்கின முறை இருக்கு, எப்போ எங்க நடந்துச்சு, என்ன பண்ணாங்க, அதனால என்ன ஆச்சு, இந்த மூணை மட்டும் சொல்றது. "உனக்கு அக்கறையே இல்ல"ன்னு கத்தறதுக்குப் பதிலா, தனியா கூப்பிட்டு, "மதியம் மூணாவது பண்டில்ல சைடு தையல் விட்டிருந்துச்சும்மா, பன்னெண்டு பீஸ் பிரிக்க வேண்டியதாப் போச்சு, மெஷின்ல ஏதும் பிரச்சனையா?" கடைசிக் கேள்வி என்னோட சேர்க்கை, எனக்கு அதுதான் முக்கியம்.

மீதிக் கதையை அவங்களையே பண்ணச் சொல்லுங்க. பவர்பாயிண்ட் ஃபைலைத் திறந்து, கடைசி ஸ்லைடைக் காப்பி எடுத்து, மவுஸை ஒரு சூப்பர்வைசர் கைல கொடுங்க. முக்கோணத்தை அவர் எங்க கொண்டுபோய் வைக்கறார், கூர் முனையை எந்தப் பக்கம் திருப்பறார்னு எல்லாரும் பார்க்கட்டும்.