சின்னக் கோடிங் குழு தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது

முதலில் ஒரு வேலை செய்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். உங்கள் குழுவைத் திறந்து, கடந்த ஒரு மாதத்தில் யார் யார் தாங்கள் செய்த ஏதாவது ஒன்றைக் காட்டினார்கள், அதற்கு எத்தனை பேர் வார்த்தையில் பதில் எழுதினார்கள் என்று மேலே தள்ளிப் பாருங்கள். கட்டைவிரல் படத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பதில் கிடைக்காதவர்கள் அதற்குப் பிறகு வாய் திறந்தார்களா என்றும் பாருங்கள்.

நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் நாலைந்து பேராகத் தொடங்கிய குழுவில் இப்படித் தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி, அப்பாவின் கடைக் கடன் கொப்பிக்குப் பதிலாக ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி, இரவு பதினொன்றரைக்கு அதன் படத்தைப் போட்டிருந்தார். காலையில் யாரோ ஒரு வேலை விளம்பரத்தை அனுப்ப, அதைப் பற்றிய பேச்சில் அந்தப் படம் மேலே போய்விட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான். இரண்டு மாதம் கழித்து நான் தனியாக எழுதிக் கேட்டபோது, "பரவாயில்லை அண்ணா, அது சும்மா செய்தது" என்றார். அவர் திரும்பி வரவில்லை.

ஆட்களைச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள். அதுவும் இப்போது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு, "இந்த எரர் ஏன் வருகிறது" என்ற மாதிரிக் கேள்விகள் எங்கள் குழுவுக்கு வருவது நன்றாகக் குறைந்துவிட்டது. இரவு ஒரு மணிக்கும் சலிக்காமல் பதில் சொல்லும் ஒன்று கையில் இருக்கும்போது, நாற்பது பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் நீங்கள் எழுதிய மின்கட்டணக் கணக்கு ப்ரோகிராமை, அதே பில்லை வீட்டில் கட்டும் இன்னொருவர் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு "எனக்கு அறுபது ரூபா கூடக் காட்டுதே" என்று சொல்வது வேறு விஷயம். அதற்காகத்தான் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். காட்டினால் யாராவது பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் வரை குழு இருக்கும்.

அதனால் எங்களிடம் இப்போது ஒரே ஒரு கண்டிப்பான பழக்கம் இருக்கிறது: யார் எதைக் காட்டினாலும் ஒரு நாளுக்குள் ஒருவராவது அதைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். முறைக்காரர் எல்லாவற்றுக்கும் தானே பதில் எழுத வேண்டும் என்றில்லை, பதில் இல்லாமல் ஒன்றும் கிடக்காமல் பார்த்தால் போதும். தனக்குத் தெரியாத விஷயம் என்றால் தெரிந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். "சூப்பர் ப்ரோ" என்பதைப் பதிலாக எடுக்க மாட்டோம். அந்தக் கடன் கொப்பிக்கு நான் அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியது இப்படி ஏதாவது: ஒரே பெயரில் இரண்டு பேர் கடன் வாங்கினால் எப்படிப் பிரிப்பீர்கள் தம்பி? பாதிக் காசு கட்டினால் எங்கே பதிவாகும்? போன் தொலைந்தால் கணக்கு என்ன ஆகும்? இந்த மூன்றும் அவரை இன்னும் இரண்டு வாரம் உட்கார வைத்திருக்கும். "இதை எக்செல்லிலேயே செய்யலாமே" என்பது மட்டும் முதல் பதிலாக வரவே கூடாது. சொல்வது சரியாகவே இருந்தாலும், கேட்பவருக்கு அது கதவைச் சாத்துவது மாதிரி.

பேசாமல் வாசிப்பவர்களை விரட்ட வேண்டாம். இணையத்தளங்களை ஆட்கள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று ஆராயும் யாக்கோப் நீல்சன் 2006இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: இணையக் குழுக்களில் சுமார் 90 சதவீதம் பேர் வாசிப்பதோடு சரி, 9 சதவீதம் எப்போதாவது எழுதுவார்கள், மிச்ச 1 சதவீதம்தான் பெரும்பகுதியை எழுதும். சிறிய குழுவில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பது என் அனுபவம், ஆனாலும் மௌனமாக இருப்பவரை "ஆக்டிவ் இல்லை" என்று நீக்குவது தப்பு. எங்கள் குழுவில் ஓர் அக்கா ஏழெட்டு மாதம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் அதுவரை நாங்கள் போட்ட எல்லாப் பயிற்சிகளையும் செய்து வைத்திருந்த கோப்புறையை அனுப்பினார்.

சரி, பயிற்சிகளுக்கு வருவோம். வாரத்துக்கு ஒன்று போதும், தினமும் வேண்டாம். வெளிநாட்டுப் புதிர்த் தளங்களிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் ஏற்கெனவே கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் மட்டும் செய்வார்கள். நம் கையில் இருக்கும் விஷயத்தைக் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். எங்களிடம் மிக நன்றாக ஓடியது இது: "கொழும்பு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? சின்னப் பிள்ளை கொ, ழு, ம், பு என்று நாலு சொல்லும். பைத்தன் என்ற ப்ரோகிராம் மொழியில் நீளத்தைக் கேட்டால் 8 என்று வரும், ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோட் முறையில் க ஒரு குறியீடு, அதன் ஒகரக் குறி இன்னொன்று, ழ தனி, உகரக் குறி தனி, ம, புள்ளி, ப, மறுபடி உகரக் குறி. அதோடு விடவில்லை. ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், முன்னால் கொம்பும் பின்னால் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டாவது மாதிரி எழுதினால் 9 வரும். திரையில் இரண்டும் ஒன்றுதான், சமமா என்று கேட்டால் கணினி இல்லை என்று சொல்லும். இதற்கு என்.எஃப்.சி. முறையில் நோர்மலைஸ் செய்ய வேண்டும், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று கண்டுபிடித்தது பதினேழு வயதுப் பொடியன். அதே சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் "மு", "ழொ" என்று அந்தச் சொல்லிலேயே இல்லாத எழுத்துகள் முளைக்கும். ஒரு வாரத்துக்கு என்று போட்டது மூன்று வாரம் ஓடியது.

இன்னொன்று இலங்கை அடையாள அட்டை எண். பழையது 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது 12 இலக்கம். தொடக்கத்தில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எழுதி முடித்துவிட்டுச் சந்தோஷமாக இருக்கும்போது, பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த பலருக்கு ஒரு நாள் பிழைக்கும். எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். 1999 மார்ச் 1 பிறந்தவருக்கு 60 இல்லை, 61. இந்தப் பிழையைத் தாங்களாகவே பிடிக்க விடுங்கள், அவசரப்பட்டு விடையைச் சொல்லாதீர்கள். ஆனால் பயிற்சியைப் போடும்போதே, உண்மையான எண்ணை யாரும் குழுவில் ஒட்டக் கூடாது, கற்பனை எண்களையே பாவிக்க வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள்.

மின்கட்டணமும் நல்ல பயிற்சி. அலகு கூடக் கூடக் கட்டணப் படி மாறும், விகிதமும் அடிக்கடி மாறும், அதனால் விகிதத்தை ப்ரோகிராமுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாமலே பில் சொல்லிக்கொடுக்கும்.

எந்தப் பயிற்சியும் போனில் ஓட வேண்டும். புறக்கோட்டையில் கடையில் நின்று வேலை செய்துகொண்டு, பஸ்ஸில் திரும்பும்போது டெர்மக்ஸ் என்ற போன் செயலியில் பைத்தன் எழுதும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள், லெப்டொப் இல்லை. பெரிய மென்பொருளை இறக்கித்தான் தொடங்க வேண்டும் என்ற பயிற்சி அவர்களை வெளியே தள்ளிவிடும், டேட்டா காசும் அவர்களுடையது.

நேரத்தைப் பொறுத்தவரை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு ஏழரைக்குக் குரல் அழைப்பு. ஏழரை ஏனென்றால் அப்போது லண்டனில் கோடையில் மாலை மூன்று, குளிர்காலத்தில் இரண்டு, டொரொன்டோவில் காலை பத்து அல்லது ஒன்பது; வெளிநாடு போனவர்களும் வரலாம், கடை மூடி வருபவர்களும் வரலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், ஒருவர் திரையைக் காட்டி வேலை செய்ய மற்றவர்கள் பார்த்துக்கொண்டு கதைத்தால் போதும், விரிவுரை தேவையில்லை. உயர்தரப் பரீட்சை நேரத்தில் குழு அமைதியாகிவிடும். பயப்பட வேண்டாம், பயிற்சிகளை நிறுத்திவிட்டு எப்போது மறுபடி தொடங்கும் என்று ஒரு தேதியை எழுதி வையுங்கள்.

இடம் வட்ஸ்அப்பா டெலிகிராமா டிஸ்கோர்டா என்று அதிகம் சண்டை பிடிக்காதீர்கள், ஆட்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்களோ அங்கே இருங்கள். ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: கோட் வரிகளை ஒட்டும்போது முன்னும் பின்னும் மூன்று பின்மேற்கோள் குறி (```) போட வேண்டும். இல்லாவிட்டால் வட்ஸ்அப் அடிக்கோடுகளையும் நட்சத்திரக் குறிகளையும் விழுங்கி எழுத்தைச் சாய்த்தோ தடித்தோ காட்டும், வாசிப்பவர் இல்லாத பிழையைத் தேடுவார். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புபவர்களை அதட்ட வேண்டாம். முதல் தடவை நீங்களே தட்டச்சு செய்து போட்டுவிட்டு, அடுத்த முறை இப்படி அனுப்புங்கள் என்று காட்டுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ், முழு ஆங்கிலம், சிங்கள நண்பர்கள் வந்தால் சிங்களம், எதில் எழுதினாலும் அதற்காக யாரும் யாரையும் திருத்தக் கூடாது.

பெண் பிள்ளைகள் சேர்ந்து சில நாளில் காணாமல் போனால், குழுவுக்குள் தேடாதீர்கள், அவர்களுக்குத் தனியாக யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். கேட்காமல் தனிச்செய்தி அனுப்பக் கூடாது என்பது எங்கள் விதி, முறைப்பாடு வந்தால் அன்றைக்கே நீக்குவோம், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. முறைப்பாட்டைக் கேட்க ஓர் அக்காவும் அட்மினாக இருக்க வேண்டும்.

அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும். நம் ஊரில் ஆட்கள் திடீரென்று வெளிநாடு போவார்கள், அதில் யாருக்கும் குறை சொல்ல முடியாது. எங்களிடம் பயிற்சியைத் தானாகப் போடும் பொட் என்ற சின்ன ப்ரோகிராம் ஒருவருடைய லெப்டொப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அவர் விமானம் ஏறிய அன்றோடு அதுவும் நின்றது. இப்போது அதன் கோட், கோட்களைப் பகிர்ந்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் குழுவின் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் மாதிரியான ரகசிய டோக்கன் கோட்டுக்குள் இல்லை, இரண்டு பேரிடம் இருக்கிறது. அந்த பொட்டில் சின்னத் திருத்தங்களைப் புதியவர்களுக்கு என்றே விட்டு வைக்கிறோம். தான் எழுதிய ஒரு வரி குழுவுக்காக ஓடுகிறது என்றால் ஆள் போகமாட்டார்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரிலும் சந்தியுங்கள். ஞாயிறு பகலில், காலி வீதிப் பக்கம் ஒரு சைவக் கடையில், பிளேன்டீயும் வடையும், அவ்வளவுதான் செலவு. வடிவாகத் திட்டம் போட வேண்டியதில்லை. நேரில் முகம் பார்த்தவர்கள் குழுவில் தயங்காமல் கேட்பார்கள்.

உங்கள் குழு ஏற்கெனவே உறங்கிவிட்டது என்றால், "எல்லாரும் ஆக்டிவாக இருப்போம்" என்று குழுவில் அறிவிக்காதீர்கள். பழைய செய்திகளுக்குள் போய், பதில் கிடைக்காத மூன்று பேரைத் தேடி எடுங்கள். அவர்கள் காட்டியதை இன்றைக்கு ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனியாக, அவர் செய்ததைப் பற்றியே எழுதுங்கள்: "அன்றைக்குப் பார்க்காமல் விட்டது என் பிழை. இப்போது பார்த்தேன், இரண்டாவது பக்கத்தில் மொத்தத் தொகை எப்படி வருகிறது? குழுவில் சொல்ல முடியுமா?" மூன்றில் ஒருவர் வந்தாலும், அந்த வாரம் பயிற்சி போட வேண்டாம். அவருடைய வேலையே அந்த வாரத்துக்குரியது.