பழைய கார் வாங்குமுன் பரிசோதனைப் பதிவுகளைப் படிக்கும் முறை

சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனையின் கடைசிச் சான்றிதழில் ‘தேர்ச்சி’ என்று இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சோதித்த அன்று வண்டி சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நிலையில் இருந்தது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பது நாலைந்து வருடப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

விற்பவர் அனுப்பும் படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ நம்பி முடிவெடுக்க வேண்டாம். அவற்றைத் திருத்துவது மிக எளிது. பதிவுகளை நீங்களே எடுங்கள். பிரிட்டனில் பதிவெண்ணை மட்டும் கொடுத்தால் எம்ஓடி எனப்படும் அந்நாட்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அப்படி வசதி இல்லாத இடங்களில் ஒவ்வொரு வருடத்து அசல் தாளையும் கேட்டு வாங்கி, அதைக் கொடுத்த நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுங்கள். 17 எழுத்து, எண்கள் கொண்ட அந்த எண் பெரும்பாலும் முன்கண்ணாடியின் கீழ் விளிம்பிலும், கதவுத் தூணில் ஒட்டிய தகட்டிலும், பாடியில் அடித்தும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அந்த எண்ணில் வரவே வராது. அடித்த இடத்தைச் சுற்றித் தேய்த்த தடமோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இனி ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: தேதி, கிலோமீட்டர், முடிவு, குறிப்புகள். கிலோமீட்டரிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முந்தையதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். 14,000, 15,500, 13,800 என்று போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென ஒரு வருடத்தில் 1,200 மட்டும் ஓடியிருந்தால் காரணம் வேண்டும். உண்மையிலேயே நின்றிருக்கலாம், மீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டும் வந்திருக்கலாம். எண் இறங்கியிருந்தாலும் உடனே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். சோதித்தவர் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருந்தால் அடுத்த வருடம் கணக்கு பழைய பாதைக்குத் திரும்பிவிடும். திரும்பாமல் குறைந்த எண்ணிலிருந்தே மேலே ஏறினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது மீட்டர் பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதற்கு பில் இருக்க வேண்டும். மைல், கிலோமீட்டர் குழப்பமும் உண்டு: ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். பழைய எண்ணை அதனால் வகுத்தால் புதிய எண்ணை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பல நாடுகளில் புதுக் காருக்கு முதல் மூன்று வருடம் சோதனையே கிடையாது. மீட்டரைக் குறைக்க நினைப்பவருக்கு அதைவிட வசதியான நேரம் இல்லை. முதல் பதிவே பொய்யான எண்ணோடு தொடங்கும், பின்னால் வரும் வரிசையும் ஒழுங்காகவே தெரியும். வாடகைக்கும் நிறுவனங்களுக்கும் ஓடிய வண்டிகளில் இதைக் கட்டாயம் சோதியுங்கள். அந்த மூன்று வருட சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரைத் தாளில் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

அடுத்தது குறிப்புகள். தேர்ச்சி பெற்ற வண்டிக்கும் ‘இதைக் கவனிக்கவும்’ என்று சோதனையாளர் எழுதுவார். தோல்வியைவிட இந்த வரிகளை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். பிரேக் பேட் தேய்ந்திருப்பது, துடைப்பான் ரப்பர் கிழிந்திருப்பது எல்லாம் ஓடும் வண்டிக்கு இயல்பு. முன் இடது டயரின் உள்விளிம்பு தேய்ந்திருப்பதாக ஒரு வருடம் எழுதி, புது டயர் போட்ட பிறகும் அதே இடத்தில் அதே தேய்வு வந்தால் அது டயரின் குற்றமில்லை. வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கும், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் போயிருக்கும், அல்லது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை அடிபட்டு வளைந்திருக்கும். துரு பற்றிய குறிப்பை இன்னும் கவனமாகப் படியுங்கள். ‘மேற்பரப்புத் துரு’ என்று தொடங்கி, அடுத்த வருடம் ‘பிரேக் குழாயில் துரு’, அதற்கடுத்து ‘சஸ்பென்ஷன் பொருத்தும் இடத்தருகே துரு’ என்று வளர்ந்தால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது. அந்தக் குறிப்பு விற்பனைக்கு முந்தைய சோதனையில் மட்டும் காணாமல்போய், அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வேண்டாம். ஆயில் கசிவு, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் மூட்டின் ஆட்டம் போன்றவை மறைந்திருந்தாலும் பழுது பார்த்த பில்லைக் கேளுங்கள். வேறொருவர் சோதித்ததால் மட்டுமே மறைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

தோற்று, அன்றே மறுபடி தேர்ச்சி பெற்றது பல்புக்காக என்றால் விட்டுவிடலாம். இடது, வலது பிரேக் விசை ஏற்றத்தாழ்வுக்காகத் தோற்ற வண்டி சில மணி நேரத்தில் தேறியிருந்தால் காலிப்பரா, சிலிண்டரா, ஹோஸா, பிரேக்கின் எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பல நாடுகளில் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கு இடையே 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தோல்வி. 28 என்ற எண்ணோடு தேறிய வண்டியும் சரியான வண்டி அல்ல.

புகை அளவு அச்சிட்ட தாள் இருந்தால் வருடங்களை ஒப்பிடுங்கள். பெட்ரோல் காரில் காற்று, எரிபொருள் விகிதத்தைக் காட்டும் லாம்டா எண் 1-ஐ ஒட்டியிருக்க வேண்டும்; கார்பன் மோனாக்சைடு வருடாவருடம் ஏறிவந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ ஆக்சிஜன் சென்சாரோ தளர்ந்துகொண்டிருக்கலாம். செக் என்ஜின் விளக்கை அணைத்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனரை மாட்டி, கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பாருங்கள்; பெரும்பாலான கார்கள் அதைக் காட்டும். 40 கிலோமீட்டர் என்று வந்து, வண்டியின் கணினி தானே செய்யும் சுயசோதனைகள் பல ‘முடியவில்லை’ என்று நின்றால் யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள். சில நாள் வழக்கம்போல ஓட்டியபின் மறுபடி பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள்.

பதிவே இல்லாத வருடம் என்றால் வண்டி எங்கே இருந்தது என்பதற்குத் தாள் வேண்டும்: காப்பீட்டுக் கோரிக்கை, வெளிநாட்டுப் பதிவு, அல்லது ஓட்டாமல் நிறுத்தியதற்கான அறிவிப்பு. நெடுநாள் நின்ற வண்டியில் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

இந்தச் சோதனைகளில் என்ஜினைப் பிரிப்பதில்லை. கியர்பாக்ஸ், கிளட்ச், டைமிங் பெல்ட் ஆகியவற்றின் நிலை பெரும்பாலும் பதிவில் வராது. அவற்றுக்கு சர்வீஸ் புத்தகம்தான் வழி. உங்கள் தாளை மெக்கானிக்கிடம் கொடுத்து, வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, குறிப்பு எழுதியிருந்த ஒவ்வோர் இடத்தையும் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்ட்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.