பேஸ்மன்ட் பார்க்கப் போகிறீர்களா? வெளிக்கதவையும் பாருங்கள்

ரொறன்ரோவுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் புதிதாக வரும் நம்மவர்களில் பலருக்கு முதல் வீடு ஒரு பேஸ்மன்ட்தான். வாடகை எவ்வளவு, குசினி தனியா, பஸ் எடுக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எல்லாம் கேட்கிறோம். வெளிக்கதவை மட்டும் ஒருமுறை இழுத்து, பூட்டுகிறதா என்று பார்ப்பதோடு சரி. அது போதாது. நடுச்சாமத்தில் நெருப்புப் பிடித்தால் உள்ளே இருப்பவர் இருட்டிலும் அந்தக் கதவைத் திறக்க முடிய வேண்டும். யாருடனாவது வீடு பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பேஸ்மன்டுக்குப் போகிற வழி அனேகமாக வீட்டின் பக்கக் கதவாக இருக்கும். உள்ளே நின்று கதவைச் சாத்தி, டெட்போல்ட் பூட்டை, அதாவது திருப்பினால் இரும்பு நாக்கு வெளியே வருகிற பூட்டைப் பாருங்கள். விரலால் திருப்பும் பிடி இருந்தால் நல்லது. உள்பக்கமும் திறப்புப் போட்டுத்தான் திறக்க வேண்டும் என்றால் அந்தப் பூட்டு ஆபத்தானது. கண்ணாடி வைத்த கதவில், கள்ளன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் திறந்துவிடுவான் என்ற பயத்தில் சிலர் இப்படிப் போட்டு வைக்கிறார்கள். புகை நிறைந்த வீட்டில் திறப்பைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. குடிவருமுன் மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சின்ன வேலைதான். முன்பு இருந்தவர்களிடம் பழைய திறப்பு இருக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பூட்டின் நாக்கு முழுதாக வெளியே வரும்போது ஒரு அங்குல நீளமாவது இருக்க வேண்டும். அது போய் விழுகிற தகடு கதவு நிலையில், அதாவது கதவைச் சுற்றியுள்ள மரச் சட்டத்தில் இருக்கும். பலரும் கவனிக்காத இடம் அந்தத் தகடுதான். அதை முக்கால் அங்குல ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தால் அது நிலையின் மெல்லிய பலகையை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கும். ஓங்கி ஒரு உதை விட்டால் பலகை பிளந்துவிடும். 3 அங்குல ஸ்குரூ என்றால் பலகையைத் தாண்டிச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைப் பிடிக்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பார்க்கலாம். நீளமான ஸ்குரூ நாலைந்து வாங்க ஒரு கோப்பிக் காசு கூட ஆகாது. கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது என்றால் பிணைச்சல்களும் வெளியே இருக்கும். கள்ளன் வெளியே நின்று அவற்றின் ஊசியைத் தட்டிக் கழற்ற முடியுமா என்று பாருங்கள்.

அடுத்தது காற்று. கோடையில் வீடு பார்க்கிறவர்களுக்கு இது பிடிபடாது. ஜனவரி வந்து பூட்டின் உள்பக்கத்தில் வெள்ளையாக உறைபனி படியும்போதுதான் தெரியும். சாமிக்குக் கொளுத்துகிற ஊதுபத்தியை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். காற்றடிக்கிற நாளில் கதவைப் பூட்டி, குசினியிலும் குளியலறையிலும் உள்ள எக்ஸோஸ்ட் ஃபானைப் போட்டுவிட்டு, கொளுத்திய பத்தியைக் கதவின் ஓரத்தோடு மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழுந்தால் சரி. சட்டென்று உள்பக்கம் வளைந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டி தேய்ந்துவிட்டது. கீழ் மூலைகளில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துப் பாருங்கள், அனேகமாக அங்கேதான் போயிருக்கும். பட்டியும், கதவின் அடி இடைவெளியை அடைக்கப் பொருத்துகிற டோர் ஸ்வீப்பும் ஹோம் டிப்போ, கனேடியன் டயர் போன்ற கடைகளில் கிடைக்கும். ஹைட்ரோ (மின்சார) பில்லோ காஸ் பில்லோ உங்கள் தலையில் விழப்போகிறது என்றால் இதைச் செய்யாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கீழ் மூலையில் இருக்கும்போதே நிலையின் மரத்தைத் திறப்பின் நுனியால் குத்திப் பாருங்கள். பெயின்ட் அழகாக இருந்தாலும் உள்ளே பஞ்சு மாதிரி அமிழ்ந்தால் மரம் உக்கிவிட்டது. ஸ்குரூ எதுவும் அதில் நிற்காது. வெளியிலிருந்து படி இறங்கிப் போகிற பேஸ்மன்ட் என்றால், கடைசிப் படியடியில் தண்ணீர் போகிற துவாரம் ஒன்று இருக்கும். இலையும் மண்ணும் அதை அடைத்திருந்தால் பெருமழையிலும் ஸ்னோ உருகும்போதும் தண்ணீர் நேரே கதவுக்குள்தான் வரும்.

வெளியே இன்னொரு மெல்லிய கதவு, ஸ்ரோம் டோர், இருந்தால் அதையும் திறந்து மூடுங்கள். வெளிப்பக்கம் திறக்கிற கதவின் முன்னால் ஸ்னோ குவிந்தால் உள்ளே இருந்து தள்ள முடியாது. அந்த இடத்தை யார் அள்ளுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சறுக்குக் கதவென்றால் தண்டவாளத்தில் தடி ஒன்று வைத்தால் பாதி கவலை போய்விடும்.

கராஜிலிருந்து வீட்டுக்குள் வருகிற கதவு தனி விஷயம். கார் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ கிடையாது. அதனால்தான் அந்தக் கதவு இறுக்கமாக மூட வேண்டும், ரப்பர் பட்டி இருக்க வேண்டும், கைவிட்டதும் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்கிறது ஒன்ராறியோ கட்டடச் சட்டம். பாதி திறந்துவிட்டுக் கையை எடுங்கள். அப்படியே நின்றால் திருத்தச் சொல்லுங்கள். படுக்கையறைப் பக்கம் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. குறையைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள் என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. குடிவருமுன் தெரிந்திருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது என்று சட்டமே சொல்கிறது. கதவைப் படமெடுத்து, வாயால் சொன்னதை ஈமெயிலிலும் அனுப்புங்கள். அசையாவிட்டால் ரொறன்ரோவில் நகரசபையின் 311 இலக்கத்தைக் கூப்பிடலாம், வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கிற லான்ட்லோட் அன்ட் டெனன்ட் போர்டில் பராமரிப்புக் குறைகளுக்கான ரி6 (T6) படிவம் போடலாம். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் நீங்களாகப் பூட்டை மாற்றக் கூடாது. அவர் மாற்றினால் உங்களுக்குப் புதுத் திறப்புத் தர வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுச் சொந்தக்காரரும் அதே வீட்டில் இருந்து, குசினியையோ குளியலறையையோ அவரோடு பகிர வேண்டும் என்ற ஏற்பாடு என்றால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அப்படியானால் கதவு, பூட்டு, திறப்பு எல்லாவற்றையும் காசு கொடுக்குமுன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.