நன்றாக ஓடும் லேப்டாப்பை மாற்றுமுன் நான் பார்த்தவை

இருபது டேப் திறந்தாலே திணறுகிறது என்பதற்காகப் புது லேப்டாப் வாங்கத் தேவையில்லை. திணறும் அந்த நேரத்தில் விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்தேன். சிபியு (கணக்கிடும் சிப்) 30 சதவீதம்தான், மெமரி 93. அப்படியானால் குறை ரேமில், அதாவது அந்த மெமரியில். சிபியு எப்போதும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேம் போட்டும் பயனில்லை.

அதே பக்கத்தின் மெமரி பகுதியில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 / 2 என்றும் (ரேம் செருகும் இரண்டு இடங்களில் ஒன்று காலி), 'ஃபார்ம் ஃபேக்டர்' சோடிம் என்றும் (கழற்றி மாட்டக்கூடிய சிறு ரேம் அட்டை) இருந்தது. அங்கே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. காலி ஸ்லாட்டும் இல்லையென்றால் கூட்ட வழியில்லை. ரேமின் தலைமுறையும் பொருந்த வேண்டும்: டிடிஆர்4 ஸ்லாட்டில் பழைய டிடிஆர்3 நுழையாது, அட்டையில் வெட்டு இருக்கும் இடமே வேறு. 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன்.

பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. ரேமை 30 டிகிரி சாய்வில் செருகி, இருபுறக் கிளிப்பும் 'டக்'கென்று பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். தங்கப் பற்கள் பாதி வெளியே தெரிந்தால் சரியாக அமரவில்லை; திரை கறுப்பாகவே நிற்கும். ஆனால் ரேம் மாற்றியபின் முதல் தடவை ஆன் செய்யும்போது மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் கறுப்பாக இருப்பது இயல்பு, பதறி ஆஃப் செய்யக் கூடாது.

இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுவது என்றால் ரேமுக்கு முன் எஸ்எஸ்டிதான் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு).

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட லேப்டாப்பில் நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுவேன்.