பீப் சைட் ஏர் ரைஃபிள்: சென்னையில் தொடங்குகிறவர்களுக்கு

பின்னால் ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை, குழல் முனையில் ஒரு வளையம், எதிரே கறுப்பு வட்டம். குறிபார்க்கும் இந்த அமைப்புதான் பீப் சைட். ஸ்கோப் என்கிற தொலைநோக்கி கிடையாது. பழங்காலக் குறிசுடும் ரைஃபிள்களில் இருந்த இந்த ஏற்பாடுதான் இன்றைய 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் இருக்கிறது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இதே பிரிவில்தான்.

பழைய பாணி ரைஃபிள், கையால் வார்த்த ஈயக் குண்டு என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு, 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் இங்கிருந்து தொடங்குவதே சரி. அதற்காக மொட்டைமாடியில் சுடக் கூடாது. குறி தவறிய பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டு) பக்கத்து வீட்டு ஜன்னலில் போய் நிற்கும். ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்கு, போங்கள்.

முதல் சில மாதம் கிளப் துப்பாக்கியே போதும். பிறகு பழையதை வாங்குவதானால், குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்று இருக்கும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டிச் சோதனையில் தேறாது.

இனி சைட். முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் உட்கார்ந்து, சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் துல்லியம் என்று நினைத்துச் சின்ன வளையத்தைப் போடுகிறார்கள். வெள்ளை ஓரம் மெலிந்துபோனால் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதே தெரியாது. கண் தடுமாறும், விரல் அவசரப்படும். 4 மி.மீ. வாக்கில் விட்டமுள்ள வளையத்தில் தொடங்குங்கள். பார்வை முன் வளையத்தில் இருக்கட்டும், டார்கெட் லேசாக மங்கினால் மங்கட்டும். மற்றக் கண்ணை இடுக்காதீர்கள். அதன் முன்னே ஒரு வெள்ளைத் தகடு வைத்தால் போதும். ரைஃபிள் வலப்பக்கம் சாய்ந்தால் அடி வலது கீழே போகும், இதை நினைவில் வையுங்கள்.

ஐந்து அடி அடித்த பிறகே சைட்டைத் தொடுங்கள். ஒற்றை அடியைத் துரத்தித் திருகிக்கொண்டே இருந்தால் அன்றைய பயிற்சி வீண். விழுந்த அடிகளின் கூட்டத்தின் நடுப்புள்ளி எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். அடிகள் மேலும் கீழுமாக நீண்டால் மூச்சையும் கன்னம் பதியும் இடத்தையும் கவனியுங்கள். பக்கவாட்டில் பரவினால் பெரும்பாலும் காலில்தான் கோளாறு: குறிபார்த்தபடியே கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறவுங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுக்காமல் பாதத்தை நகர்த்துங்கள். எட்டு விநாடிக்குள் சுட முடியவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிடுங்கள். நல்ல அடிக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பெல்லட் தட்டைத் தலையாக இருக்க வேண்டும், தாளில் வட்டமாகத் துளை விழும். 4.49, 4.50 என்று தலை அளவு மாறும். இரண்டிலும் பத்துப் பத்து சுட்டு எது நெருக்கமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் முன் ஒரு துணியில் கொட்டி, பின்விளிம்பு நசுங்கியதைப் பொறுக்கி எறியுங்கள். காரணம் தெரியாமல் விலகும் அடி பல நேரம் இந்த நசுங்கிய விளிம்பால் வருவது.

நம் ஊர்ப் புழுக்கம் ரைஃபிளுக்குப் பகை. கைப்பம்பில் காற்று அடித்தால் ஈரமும் சேர்ந்து சிலிண்டருக்குள் போய் உள்ளே அரிக்கும். உலர்காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்து ஏற்றுவது நல்லது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் இரும்பில் நீர் பூக்கும், துடைத்துவிடுங்கள். பஞ்சு வைத்த பெட்டியில் நாள்கணக்கில் பூட்டி வைத்தால் துரு நிச்சயம்.

பெல்லட்டை வாயில் வைக்காதீர்கள். அது ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.